பழைய பில்ட் கோப்புகளின் ஆயுளை யார் தீர்மானிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறை பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் புதிதாக உருவாகிறவற்றைப் பற்றியே பேசுகின்றன. உருவாக்கி முடித்தபின் சர்வர்களில் கேட்பாரற்றுக் கிடப்பவற்றைப் பற்றியும் ஒரு முறை பேச வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். சிஐ சர்வர் என்று துறையினர் சொல்லும் தொடர் ஒருங்கிணைப்புச் சர்வர்களில் நாள்தோறும் சேரும் பழைய பில்ட் கோப்புகளை எப்போது அழிப்பது, எவற்றை அழிக்கவே கூடாது, அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளைப் பல குழுக்கள் டிஸ்க் நிரம்பிய நாளில்தான் முதன்முதலாக யோசிக்கின்றன. அன்றைய பதற்றத்தில் எடுக்கும் முடிவு பல நேரங்களில் தவறாகப் போய்விடுகிறது. ஒரு கோப்பு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது அது உருவாகும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அதை எழுதும் பொறுப்பு அந்தக் கோப்பை உருவாக்கும் குழுவுக்கே உரியது என்பதும் பல ஆண்டுகளாக இவ்வேலையில் இருக்கும் என் உறுதியான கருத்து.

இத்துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் பலர் எழுதும் நிரல் ஒரே களஞ்சியத்தில் வந்து சேர்கிறது. யாரேனும் ஒருவர் ஒரு மாற்றத்தைச் சேர்த்தவுடன் சிஐ சர்வர் அதைத் தானாக எடுத்து, கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி (கம்பைல் செய்து), சோதனைகளை ஓட்டி, எல்லாம் சரியாக இருந்தால் நிறுவத்தக்க கோப்பு ஒன்றை உருவாக்கி எடுத்து வைக்கிறது. ஜாவா திட்டமென்றால் அது ஜார் கோப்பாக இருக்கும். ஆண்ட்ராய்டு செயலியென்றால் ஏபிகே. கன்டெய்னரில் ஓடும் சேவையென்றால் டாக்கர் இமேஜ். இதைத்தான் ஆர்ட்டிஃபாக்ட் என்கிறோம். அதனோடு சோதனை அறிக்கைகள், நடந்த ஒவ்வொரு படியையும் பதிவுசெய்து பல்லாயிரம் வரிகளுக்கு நீளும் லாக், பிழை தேட உதவும் டீபக் சிம்பல் கோப்புகள் என்று ஒரு பட்டாளமே உடன் வருகிறது. இப்படி ஒரு சுற்று ஓடி முடிவதையே பில்ட் என்கிறோம். ஒரு பில்ட் விட்டுச்செல்வது 250 எம்பி என்றும், குழு நாளொன்றுக்கு 40 பில்ட் ஓட்டுகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரே நாளில் 10 ஜிபி சேர்கிறது. ஒரு மாதத்தில் 300 ஜிபி. இவற்றில் பயனர்களின் கைக்குப் போய்ச் சேர்வது ஒன்றோ இரண்டோதான்.

இப்படிச் சேர்வதற்கு யாருடைய சோம்பலையும் நான் குறை சொல்லமாட்டேன். கருவிகளின் இயல்பமைப்பே அப்படி இருக்கிறது. ஹட்சன் என்ற பெயரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்து, 2011-இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறி, இன்றும் எண்ணற்ற நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் புதிதாக ஒரு ஜாப், அதாவது பில்ட் ஓட்டும் ஒரு வேலை, உருவாக்கி, பழைய பில்ட்களை நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடாமல் சேமித்துவிட்டால், முதல் பில்ட் தொடங்கி அத்தனையையும் அது வைத்துக்கொண்டே போகும். அதன் ஹோம் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் ஜாப்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஜாப்பின் பெயரிலும் ஒன்று, அதற்குள் பில்ட்ஸ், அதற்குள் 1, 2, 3 என்று எண்ணிட்ட ஃபோல்டர்கள், அவை ஒவ்வொன்றிலும் ஒரு லாக் கோப்பும் ஆர்க்கைவ் என்ற உள் ஃபோல்டரும் இருக்கும். இந்த ஆர்க்கைவ் ஃபோல்டர்களை அளவுப்படி வரிசைப்படுத்திப் பார்க்கும் எவரும், யாரோ ஒரு யோசனையைப் பரிசோதிக்கத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட கிளைகளின், அதாவது முதன்மை நிரலிலிருந்து பிரித்தெடுத்த தனி நகல்களின், பில்ட்கள் முன்வரிசையில் நிற்பதைக் காண்பார்கள். அந்தக் கிளை களஞ்சியத்திலிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருக்கும். அதை உருவாக்கியவர் வேறு குழுவுக்குப் போயிருப்பார். கோப்புகள் மட்டும் இருக்கும்.

இணையச் சேவையாகக் கிடைக்கும் கருவிகள் வேறு வழியில் செல்கின்றன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எந்த அமைப்பும் மாற்றாவிட்டால் ஆர்ட்டிஃபாக்ட்களையும் லாக்குகளையும் 90 நாள் வைத்திருந்து நீக்கிவிடும். கிட்லேபில் இயல்பான காலக்கெடு 30 நாள். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் கடைசியாக வெற்றி பெற்ற பைப்லைனின் (பில்டின் படிகளை வரிசையாக ஓட்டும் தொடர்) கோப்புகளைக் கெடு கடந்தாலும் அது வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றினாலும், இதில் எதிர்த்திசை ஆபத்து ஒன்று இருக்கிறது. 90 என்பதும் 30 என்பதும் உங்கள் தயாரிப்பை மனத்தில் வைத்து யாரும் யோசித்த எண்கள் அல்ல. வாடிக்கையாளருக்கு அனுப்பிய பதிப்பை வேறெங்கும் எடுத்து வைக்காமல் அங்கேயே விட்டுவைத்த குழுவுக்கு, 91-ஆம் நாள் அது இல்லாமல் போய்விடும். எதையும் அழிக்காத கருவியும் எல்லாவற்றையும் ஒரே கெடுவில் அழிக்கும் கருவியும், யோசிக்க வேண்டிய வேலையை ஒருபோதும் நமக்காகச் செய்துவிடுவதில்லை.

டிஸ்க் நிரம்பும்போது நடப்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பில்ட் பாதியில் நிற்கிறது. காரணம் சில சமயம் வெளிப்படையாகத் தெரியும். பல சமயம் ஒரு சோதனை தன் தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் தோற்று, பார்ப்பவருக்கு நிரலில்தான் பிழை என்பதுபோல் தோன்றும். நிரலர் தன் மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து ஒரு பகல் முழுவதையும் வீணாக்குவார். ஜென்கின்ஸ் தன் இயல்பமைப்பில், ஒரு கணினியில் மீதமுள்ள இடம் 1 ஜிபிக்குக் கீழே போனால் அதை ஆஃப்லைன் ஆக்கிவிடும் என்பதால், வரிசையில் காத்திருக்கும் பில்ட்கள் காரணம் சொல்லாமல் நிற்பதும் உண்டு. இதைவிடக் குழப்பமானது இன்னொன்று. டிஸ்கில் இடம் தாராளமாக இருப்பதாகக் கட்டளை காட்டும். ஆனால் இடமில்லை என்ற பிழைச்செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கும். கோப்புகளின் எண்ணிக்கைக்கென்று லினக்ஸின் கோப்பு முறைமை ஒதுக்கியிருக்கும் ஐநோடுகள் தீர்ந்துவிட்டதே அதற்குக் காரணம். ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் வரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் ஒன்றே பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கொண்டிருக்கும். அதை ஒவ்வொரு பில்டின் வேலையிடத்திலும் அப்படியே விட்டுவைத்தால், ஜிபி கணக்கில் எதுவும் தெரியாமலேயே எண்ணிக்கை முடிந்துபோகும். ஆகவே, கண்காணிப்பு வைப்பவர்கள் இரண்டு அளவுகளையும் கண்காணிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஒருவர் சர்வருக்குள் நுழைந்து கையால் அழிக்கத் தொடங்குவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்தும் தருணம். முப்பது நாளுக்கு மேற்பட்டவற்றைத் தேடி அழிக்க ஃபைண்ட் கட்டளையைப் பயன்படுத்துவது வழக்கம். அந்தக் கட்டளையில் அழிக்கச் சொல்லும் பகுதியைக் கால நிபந்தனைக்கு முன்னால் எழுதிவிட்டால், நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் அனைத்தும் போய்விடும். சர்வரை வேறு கணினிக்கு மாற்றியபோது கோப்புகளின் தேதியைக் காப்பாற்றாமல் நகலெடுத்திருந்தால், ஐந்தாண்டுப் பழைய கோப்பும் நேற்றைய கோப்பும் ஒரே தேதியைக் காட்டும். நிபந்தனை சரியாக இருந்தும் பயனில்லை. ஸ்கிரிப்டில் ஃபோல்டரின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறி ஏதோ காரணத்தால் வெறுமையாகிவிட்டால், அழிப்புக் கட்டளை கணினியின் வேர் ஃபோல்டரிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். இது கற்பனை அச்சம் அன்று. 2015-இல் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் செயலியில் இருந்த ஒரு ஸ்கிரிப்ட், சரியாக இப்படிப்பட்ட வெறுமையான மாறியால் பயனர்களின் சொந்தக் கோப்புகளை அழித்தது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது பில்ட் கோப்புகளைப் பற்றியதல்ல என்றாலும், பதற்றத்தில் கையால் அழிப்பது பற்றிப் பேசும் எவரும் அதை விட்டுவிட முடியாது. இரண்டாம் நிலைத் தரவுத்தளச் சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை, இரவு நேரப் பணியின் களைப்பில் ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. அமைத்திருந்த காப்பு வழிகள் பலவும் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலிலிருந்தே மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது போனதுதான். அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உடனுக்குடன் உலகுக்கு எழுதியது. அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். அங்கே குறையாக இருந்தது அந்தப் பொறியாளரின் திறமை என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வேலையை ஒரு மனிதர் கையால் செய்யவேண்டிய நிலை இருந்ததே குறை.

சரி, தானியங்கி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, குறிப்பிட்ட நாளுக்கு மேற்பட்டவற்றை அழித்துக்கொண்டே வந்தால் போதுமே என்று பலர் கேட்பார்கள். போதாது. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் அப்படியே செய்தார்கள். கோப்பின் வயது மட்டுமே நிபந்தனை. அவர்களின் தயாரிப்புகளில் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு வெகுநாள் புதிய பதிப்பு வெளியிடத் தேவை ஏற்படவில்லை. அதாவது, மிக நம்பகமான பதிப்பே வயதில் மூத்ததாகவும் இருந்தது. ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. பிறகு ஒரு வாடிக்கையாளரிடத்தில் அந்த மென்பொருள் திடீரென நின்றுபோய், அது நின்ற கணத்தின் நினைவகப் பதிவு பொறியாளர்களின் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால், எந்தச் செயற்கூறில் எந்த வரியில் நின்றது என்று தெரியவேண்டிய இடத்தில் பதினாறு இலக்க முகவரிகளின் வரிசை மட்டுமே இருந்தது. அவற்றை நிரலின் பெயர்களாக மாற்றித்தரும் டீபக் சிம்பல் கோப்புகள் அந்தப் பதிப்போடு சேர்ந்து அழிந்துவிட்டன. அதே மூல நிரலை எடுத்து மீண்டும் பில்ட் செய்தார்கள். கம்பைலரின் பதிப்பு இடையில் மாறியிருந்ததால், புதிய கோப்பின் அடையாள எண் வாடிக்கையாளரிடம் இருந்ததோடு பொருந்தவில்லை. பொருந்தாத சிம்பலை வைத்துப் படித்தால் வரும் விடை, விடையே இல்லாததைவிடக் கெடுதல். அது தவறான இடத்தைக் காட்டும்.

இதனால்தான் வயதைக் கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறேன்: இந்தக் கோப்பு எங்கேனும் போய்ச் சேர்ந்ததா? வாடிக்கையாளருக்கோ, உற்பத்திச் சர்வருக்கோ, செயலிக் கடைக்கோ போயிருந்தால், அது உலகில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும், அதன் பிறகு ஒப்பந்தமோ சட்டமோ கேட்கும் காலம் வரைக்கும், அதை வைத்திருக்க வேண்டும். கோப்பை மட்டும் வைத்தால் போதாது. அதன் டீபக் சிம்பல்கள், அது எந்த மூல நிரல் நிலையிலிருந்து உருவானது என்ற குறிப்பு, அதில் சேர்ந்திருக்கும் வெளி நூலகங்களின் பதிப்புப் பட்டியல், பில்டின் லாக் ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். எங்கும் போகாத கோப்பென்றால், அதன் பயன் அதைச் சோதித்து முடித்த சில நாள்களிலேயே தீர்ந்துவிடுகிறது. நான் பார்த்த சர்வர்களில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் மிகப் பெரும் பங்கு இந்த இரண்டாம் வகையே; இழந்துவிட்டோமே என்று குழுக்கள் வருந்திய சிலவோ எப்போதும் முதல் வகை.

மூல நிரல் இருக்கும்போது எதற்காகக் கோப்பை வைக்க வேண்டும், தேவையானால் மீண்டும் பில்ட் செய்துகொள்ளலாமே என்ற வாதத்தை இளைய பொறியாளர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் நடைமுறை அதற்கு இடம் தருவதில்லை. பல கம்பைலர்களும் பொதிக் கருவிகளும் உருவான நேரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. கோப்புகளைப் படிக்கும் வரிசை மாறினாலும் விளைவு மாறுகிறது. ஒரே மூலத்திலிருந்து பைட் மாறாமல் ஒரே கோப்பைப் பெறுவதற்காகவே, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் திட்டத்தினர் பத்தாண்டுக்கும் மேலாக உழைத்து வருகிறார்கள் என்பதே அது எவ்வளவு கடினமான வேலை என்பதற்குச் சான்று. அதோடு, பில்டுக்கு வேண்டிய வெளி நூலகம் நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம் பதிவகத்திலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாகக் கேள்விப்பட்டேயிராத எத்தனையோ திட்டங்களின் பில்ட்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. வெளியிட்ட கோப்பை ஒரு முறை மட்டும் பில்ட் செய்து, அதையே சோதனைக்கும் உற்பத்திக்கும் நகர்த்தி, அதையே பத்திரப்படுத்துவதுதான் நம்பத்தக்க வழி.

ஜென்கின்ஸில் இதைச் செய்வதற்கான வசதி நெடுங்காலமாகவே இருக்கிறது. பலர் அதில் பாதியை மட்டும் பயன்படுத்துகிறார்கள். பழைய பில்ட்களை நீக்கும் அமைப்பில் நான்கு எண்களைக் கொடுக்கலாம். பில்ட் பதிவுகளை எத்தனை நாள் வைப்பது, எத்தனை பில்ட் வைப்பது என்பன முதல் இரண்டு. ஆர்ட்டிஃபாக்ட்களை எத்தனை நாள், எத்தனை பில்டுக்கு வைப்பது என்பன அடுத்த இரண்டு. இவை மேம்பட்ட அமைப்புகள் என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. முதல் இரண்டை மட்டும் இறுக்கினால் இடம் கிடைக்கும். ஆனால் பதிவும் லாக்கும் சோதனை முடிவுகளின் வரலாறும் சேர்ந்து போகும். ஒரு சோதனை எப்போதிலிருந்து விட்டுவிட்டுத் தோற்கிறது என்று தேடுபவருக்கு அந்த வரலாறுதான் வேண்டும். அது பெரும்பாலும் சில கேபிகளில் அடங்கும். பின் இரண்டு எண்களைப் பயன்படுத்தினால் கனமான கோப்புகள் மட்டும் போய், வரலாறு நிற்கும். கிளை பில்ட்களுக்குக் கடைசி மூன்றின் கோப்புகளும், பதிவுக்கு இரண்டு மாதமும் என்பது நான் பலமுறை பரிந்துரைத்துப் பலன் கண்ட தொடக்கப் புள்ளி. முதன்மைக் கிளைக்கு இன்னும் தாராளம் வேண்டும், ஏனென்றால் பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடும்போது இடைப்பட்ட பில்ட்கள் கைவசம் இருந்தால் வேலை பாதியாகிவிடும். வெளியிட்ட பில்டை நிரந்தரமாக வைத்திரு என்று குறித்துப் பூட்டும் வசதியும் அங்கேயே இருக்கிறது. கடைசியாக வெற்றி பெற்ற பில்டை ஜென்கின்ஸ் தானாகவே விட்டுவைக்கும் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் கடைசியாக வெற்றி பெற்றதும் கடைசியாக வெளியிட்டதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

என்னைக் கேட்டால், வெளியிட்டவற்றைச் சிஐ சர்வரிலேயே வைத்திருப்பதை விட நெக்ஸஸ், ஆர்ட்டிஃபாக்டரி போன்ற தனிக் களஞ்சியத்துக்கு நகர்த்திவிடுவதே மேல் என்பேன். அப்போது சிஐ சர்வரில் எஞ்சியிருப்பது எதுவும் ஈடுசெய்ய முடியாததாக இருக்காது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினாலும் யாருக்கும் இழப்பில்லை என்ற நிலை வந்துவிடும். ஆனால் அந்தக் களஞ்சியங்களிலும் அழித்த மாத்திரத்தில் இடம் திரும்பிவிடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெக்ஸஸில் சுத்தம் செய்யும் கொள்கை ஒரு கோப்பை நீக்கப்பட்டதாகக் குறிக்க மட்டுமே செய்யும். சுருக்கும் பணி தனியாக ஓடியபிறகே டிஸ்கில் இடம் வரும். டாக்கர் பதிவகத்தில் ஓர் இமேஜின் மேனிஃபெஸ்டை, அதாவது அதன் உள்ளடக்கப் பட்டியலை, நீக்கினாலும், அதன் அடுக்குகள் குப்பை சேகரிப்புப் பணி ஓடும்வரை அப்படியே கிடக்கும். அந்தப் பணி ஓடும்போது புதிய இமேஜ்களை ஏற்றிக்கொண்டிருந்தால் அவையும் சேதமாகலாம் என்பதால், அந்நேரம் பதிவகத்தைப் படிக்க மட்டும் திறந்து வைக்க வேண்டும். லினக்ஸிலேயே கூட, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறை திறந்து வைத்திருக்கும் லாக் கோப்பை அழித்தால், பெயர் மறையுமே தவிர, அந்தச் செயல்முறை கோப்பை மூடும்வரை இடம் விடுபடாது. இதை அறியாமல், அழித்தும் இடம் வரவில்லையே என்று மேலும் மேலும் அழித்துக்கொண்டே போனவர்களை நான் அறிவேன்.

வைத்திருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை, இடச் செலவு மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் கண்டறியப்பட்ட ஓட்டை வெளியானபோது, தங்கள் தயாரிப்புகளில் எவற்றில் அந்த நூலகம் இருக்கிறது என்று தேடி நிறுவனங்கள் வாரக்கணக்கில் அலைந்தன. வெளியிட்ட பதிப்புகளின் நூலகப் பட்டியலைப் பத்திரப்படுத்தியிருந்த குழுக்களுக்கு அது சில நிமிட வேலையாக முடிந்திருக்கும். மறுபக்கம், எங்கும் போகாத பழைய பில்ட்களில் ஓட்டையுள்ள அந்த நூலகம் இன்னும் இருந்தால், யாரோ ஒருவர் அவசரத்துக்கு அதை எடுத்து ஒரு சர்வரில் நிறுவிவிடும் வாய்ப்பும் இருந்துகொண்டே இருக்கிறது. கடவுச்சொற்களின் நிலையும் அப்படித்தான். களஞ்சியத்தை இறக்கிய வேலையிடத்தை முழுவதுமாக ஆர்ட்டிஃபாக்ட்டாக ஏற்றிவிடும் பைப்லைன்களில், அதற்குள் மறைந்திருக்கும் கிட் ஃபோல்டரின் அமைப்புக் கோப்பில் அணுகல் டோக்கன் எழுதப்பட்டிருப்பது உண்டு. பொதுவில் திறந்திருக்கும் திட்டமென்றால் அந்தக் கோப்பை எவரும் இறக்கிப் பார்க்கலாம். டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இனி, யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். சர்வரைப் பராமரிப்பவருக்கு ஒரு கோப்பின் அளவும் தேதியும் தெரியும். அதன் மதிப்பு தெரியாது. நிரல் எழுதும் குழுவுக்கு மதிப்பு தெரியும். டிஸ்கின் நிலை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இருவரும் சந்திக்கும் இடம், பில்டின் படிகளை எழுதிவைக்கும் பைப்லைன் கோப்பு. ஆர்ட்டிஃபாக்ட்டை எடுத்து வைக்கச் சொல்லும் வரிக்குப் பக்கத்திலேயே அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்ற வரியும் இருக்க வேண்டும். மூல நிரலோடு சேர்ந்து அது களஞ்சியத்தில் இருப்பதால், யார் எப்போது ஏன் மாற்றினார் என்பதும் பதிவாகிவிடும். கிட்லேபிலும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் ஜென்கின்ஸ் பைப்லைனிலும் இதற்கு ஒற்றை வரி போதும். கெடு எழுதாத ஜாப்புக்குச் சர்வரைப் பராமரிப்பவர் மிகக் குறுகிய பொதுக் கெடு ஒன்றை வைத்துவிட்டு, அதை எல்லாக் குழுக்களுக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். அதிகம் வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்கும்போது காரணமும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே இந்த முறையின் பெரிய நன்மை.

பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சர்வர் ஒன்றை இன்று பொறுப்பேற்கும் ஒருவருக்கு, முதல் நாளிலேயே கெடுக்களை அமைத்துவிடாதீர்கள் என்று சொல்வேன். ஜென்கின்ஸில் அமைப்பை மாற்றி அடுத்த பில்ட் முடிந்த கணமே பழையவை அத்தனையும் போய்விடும். அதைத் திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது. முதலில் எந்த ஜாப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலை எடுத்து, பெரிய இருபதை மட்டும் அந்தந்தக் குழுவிடம் காட்டி, வெளியிட்டவை எவை என்று கேட்டு, அவற்றைப் பூட்டி, தனிக் களஞ்சியத்துக்கு நகர்த்திய பிறகே அழிப்பைத் தொடங்க வேண்டும். பதில் வராத ஜாப்களின் கோப்புகளை வேறொரு மலிவான சேமிப்பிடத்துக்கு மாற்றி ஒரு காலாண்டு காத்திருப்பது நல்லது. அழிக்கும் வேலையையும் சர்வரின் சொந்த வசதி வழியாகவே செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஜென்கின்ஸின் ஃபோல்டர்களை வெளியிலிருந்து கட்டளையால் அழித்தால், அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியலும் டிஸ்கில் இருப்பதும் ஒத்துப்போகாமல், இல்லாத பில்ட்களை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

தங்கள் இதழைப் படிக்கும் மென்பொருள் குழுத் தலைவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை ஒரு பதிப்பை வெளியிடும்போது, சரிபார்ப்புப் பட்டியலில் இரண்டு வரிகளைச் சேருங்கள்: வெளியிட்ட கோப்பும் அதன் சிம்பல்களும் நூலகப் பட்டியலும் தனிக் களஞ்சியத்துக்குப் போயினவா என்பது ஒன்று, இந்தப் பதிப்பை உருவாக்கும் வழியில் பிறந்த மற்ற பில்ட்களுக்குக் கெடு எழுதியாயிற்றா என்பது மற்றொன்று. கல்லூரிகளில் இத்துறையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களிடமும், பைப்லைன் எழுதக் கற்றுக்கொடுக்கும் முதல் வகுப்பிலேயே கெடு எழுதும் வரியையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பில்ட் சர்வர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்